உளிப்பிடியில் உறையும் இயற்பியல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவில் வருவன செயற்கைக்கோளும் அணு உலையுமே. அவற்றைப் பற்றி நம் மலரில் நண்பர்கள் ஆண்டுதோறும் சிறப்பாக எழுதி வருகின்றனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு உயரத்தில் இருப்பதன்று. தச்சுப் பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே கிடக்கும் ஓர் உளியின் மரப்பிடி. “பிடியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கையில் பிடிக்க ஒரு கட்டை, அவ்வளவுதானே!” என்று விடுதி நண்பர் ஒருவர் சிரித்தார். அந்தக் கட்டை ஏன் உருண்டையாக இருத்தல் கூடாது, எவ்வளவு பருமன் வேண்டும், அதன் தலை ஏன் சற்றே குவிந்திருக்க வேண்டும் என்பனவற்றுக்கு நாம் முதலாம் ஆண்டில் படித்த இயக்கவியலிலேயே விடை இருக்கிறது. அதனைக் கூறுவதே என் நோக்கம்.

பிடியைக் காணுமுன் உளியின் வேலையைச் சற்று அறிந்துகொள்வோம். கதவு, சன்னல், கட்டில் போன்றவற்றில் சட்டங்களைச் சேர்க்க நல்ல தச்சர் ஆணியை நம்புவதில்லை. ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்குவார். மற்றொரு சட்டத்தில் அதே அளவில் நீள்சதுரத் துளை போட்டு, நாக்கை அதனுள் இறுக்குவார். அந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். துளையின் அகலம் சட்டத்தின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது பல நாட்டுத் தச்சர்களுக்கும் பொதுவான கணக்கு. ஒன்றரை அங்குலச் சட்டமானால் அரை அங்குலத் துளை. துளை அகன்றுவிட்டால் கழுந்து ஆடும். கதவு சில மாதங்களிலேயே தொய்ந்துவிடும்.

இத்துளையைப் போடுவதற்கென்றே தனி உளி ஒன்று உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் மார்டைஸ் உளி என்பர். நாம் துளை உளி எனலாம். சாதாரண உளியின் அலகு தட்டையானது. துளை உளியின் அலகோ அகலத்தைவிட முன்பின் கனம் மிகுந்தது. அரை அங்குலத் துளைக்கு அரை அங்குல உளி. துளையின் அகலத்தை உளியே தீர்மானிக்கிறது. அதனைக் கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்க வேண்டும். அடித்தபின் நெம்பிச் சில்லுகளை வெளியேற்ற வேண்டும். மரத்தில் கவ்விக்கொண்ட உளியைப் பிடுங்கவும் வேண்டும். ஆகவே இப்பிடி அடியைத் தாங்க வேண்டும், நெம்புகோலாகவும் வேண்டும், கைக்குள் சுழலவும் கூடாது. இவற்றுள் கடைசியில் சொன்னதுதான் முதன்மையானது என்பது என் கருத்து. அதனையே சற்று விரிவாகக் கூறுகிறேன்.

என் தந்தையார் தச்சுத் தொழில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடந்த சில ஆண்டுகளாக அப்பாவுக்கு இடது கை விரல்கள் மாலை வேளையில் மரத்துப்போகின்றன. சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திறக்கக்கூட என்னைக் கூப்பிடுவார். உளியைப் பிடிப்பது இடது கை. சென்ற ஆண்டு கடையிலிருந்து புதிதாக உளிகள் வாங்கினார். எல்லாம் உருண்டையான பிளாஸ்டிக் பிடிகள். நல்ல எஃகுதான். ஆனால் பத்து நாளில் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, தேய்ந்துபோன பழைய உளியையே எடுத்தார். “ஏம்பா, நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே. புது உளி கையில நிக்காம சுத்துது, பழசு சுத்த மாட்டேங்குது. ஏன்னு உங்க வாத்தியார்கிட்டக் கேட்டுச் சொல்லு” என்றார். அவர் என்னிடம் பாடம் தொடர்பாகக் கேட்ட முதற்கேள்வி அதுவே.

பழைய உளியைக் கல்லூரிக்கு எடுத்து வந்தேன். பேராசிரியரின் அனுமதியுடன் நம் ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். பிடியின் குறுக்கு வெட்டு வட்டமன்று, நீள்வட்டம். நீண்ட விட்டம் 36 மி.மீ., குறுகிய விட்டம் 29 மி.மீ. நீண்ட விட்டம் அமைந்த திசையையும் கவனிக்க வேண்டும். அது வெட்டும் விளிம்புக்கு இணையாக இல்லை. அதற்குச் செங்குத்தாக, அலகின் கனம் செல்லும் திசையில் இருக்கிறது.

வட்டப் பிடியை எது சுழலாமல் நிறுத்துகிறது? உராய்வு ஒன்றுதான். உளி முனையின் ஒரு மூலை முடிச்சின்மேல் பட்டுவிட்டால் அங்கே எதிர்விசை மிகுகிறது; மறு மூலையில் குறைகிறது. இவ்வேறுபாடு உளியை அதன் அச்சைப் பற்றித் திருப்ப முயலும். அதைத் தடுக்கக் கையிடம் உள்ள திருப்புத்திறன், உராய்வு விசையை ஆரத்தால் பெருக்கக் கிடைப்பது. ஆரமோ 16 மி.மீ.தான். உராய்வை மிகுவிக்க வேண்டுமானால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை. வியர்வை வழியும் சித்திரை மாதத்தில் உராய்வும் குறையும். இன்னும் இறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான அடிகள். விரல்கள் ஏன் மரத்துப்போகா?

நீள்வட்டப் பிடியில் நிலைமை வேறு. அது சுழல முயலும்போது அதன் பருத்த பக்கம் உள்ளங்கைச் சதையையும் விரல்களையும் தள்ளிக்கொண்டுதான் சுழல முடியும். அங்கே தடுப்பது உராய்வு மட்டுமன்று. பரப்பிற்குச் செங்குத்தான எதிர்விசையே தடையாக நிற்கிறது. தளர்வாகப் பிடித்தாலும் பிடி நிற்கும். கோடரிக் காம்பு உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதும் இதனால்தான்.

இன்னொரு பயனும் உண்டு. அப்பா அதனையே பெரிதாகச் சொல்கிறார். அடிக்கும்போது கண் கோட்டின்மேல் இருக்கிறது, பிடியின்மேல் இல்லை. அலகு எந்தப் பக்கம் நோக்கி இருக்கிறதென்பதைக் கண்ணின் உதவியின்றிக் கை அறிய வேண்டும். வட்டத்துக்குத் திசை கிடையாது. எப்படித் திருப்பினாலும் கைக்கு ஒன்றேதான். நீள்வட்டத்துக்குத் திசை உண்டு. சிறிது திரும்பினாலும் உள்ளங்கை உடனே உணர்ந்துகொள்கிறது.

சிறிது திரும்பினால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்த்தேன். அகலம் 12 மி.மீ., கனம் 14 மி.மீ. உள்ள அலகு தன் அச்சில் 5 பாகை திரும்பி நிற்பதாகக் கொள்வோம். அது மரத்தில் அடைக்கும் அகலம், 12ஐ 5 பாகையின் கொசைனாலும், 14ஐ அதன் சைனாலும் பெருக்கிக் கூட்டிய அளவு. விடை 13.2 மி.மீ. ஆக, துளை ஒரு மில்லி மீட்டருக்கு மேல் அகன்றுவிடுகிறது! கழுந்து ஆடுவதற்கு அது தாராளமாகப் போதும். துளை ஆழமானபின் அதன் சுவர்களே உளிக்கு வழிகாட்டும் என்பது உண்மைதான். ஆனால் முதல் நாலைந்து அடிகளில் சுவரே கிடையாது, கைதான் வழிகாட்டி. அப்போது கோணிப் போனால் பிறகு சுவரும் அந்தக் கோணலுக்கே வழிகாட்டும்.

நூலகத்தில் தேடியபோது இதனை அறிந்தவர்கள் எங்கள் பட்டறையில் மட்டும் இருக்கவில்லை என்று தெரிந்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து உளிப் பட்டறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்து அனுப்பிய கனமான துளை உளிகளுக்கு நீள்வட்டப் பிடியே போட்டார்கள். மரம் பீச். அலகும் பிடியும் சந்திக்கும் இடத்தில் எஃகுத் தோள் ஒன்று நீள்வட்டமாகவே அமைந்திருக்கும். பன்றியைக் குத்தும் கத்தி என்று பொருள்படும் பட்டப்பெயரால் இன்றும் அவ்வுளியை அழைக்கின்றனர்! இதே இங்கிலாந்தில்தான் ஜோசப் மாக்சன் என்பவர் 1670களின் இறுதியில் கொல்லர், தச்சர் முதலியோரின் வேலைமுறைகளையும் கருவிகளையும் விளக்கிப் பகுதி பகுதியாக ஒரு நூல் வெளியிட்டார். துளை உளியின் அலகு ஏன் கனமாக இருக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதினார். அவர் அச்சுத் தொழிலும் பூகோள உருண்டை செய்யும் தொழிலும் புரிந்தவர். கைத்தொழிலை இகழ்வாக எண்ணுவது தவறென்று முன்னுரையில் வாதிட்டார். அவரை 1678ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கம் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. நியூட்டன் உறுப்பினராக இருந்த அதே சங்கம்! இச்செய்தியை அப்பாவிடம் சொன்னபோது, “அவருக்கு எத்தனை உளி இருந்துச்சாம்?” என்று கேட்டார்.

இனி நெம்புதலுக்கு வருவோம். துளையின் விளிம்பு ஆதாரப் புள்ளி. உள்ளே ஓர் அங்குலம் இறங்கிய முனை ஒரு பக்கம். வெளியே எட்டு அங்குலத்துக்கு அப்பால் கை மறுபக்கம். கையின் விசை முனையில் எட்டு மடங்காகிறது. இந்த வளைப்பையெல்லாம் அலகும் பிடியும் தாங்க வேண்டும். நீள்வட்டத்தின் வளைவுத் தடை, நீண்ட விட்டத்தின் திசையில் மிகுதி. இரு திசைகளுக்கும் உள்ள விகிதம் விட்டங்களின் விகிதத்தின் வர்க்கம். 36க்கும் 29க்கும் அது ஏறத்தாழ ஒன்றரை. நெம்பும் திசையில் நீண்ட விட்டத்தை வைத்த பழைய தச்சர் நிலைமத் திருப்புத்திறன் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். எந்தப் பக்கம் மரம் மிகுதியாக வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது தலை. பிடியின் தலையை மட்டமாக அறுத்து விடுவது எளிது; பார்வைக்கும் நன்றாயிருக்கும். ஆனால் கொட்டாப்புளி ஒவ்வொரு முறையும் மிகச் செங்குத்தாகவா வந்து விழுகிறது? ஐந்து பாகை சாய்ந்து விழுந்தால், மட்டமான தலையில் அடி நடுவில் படாது, விளிம்பில்தான் படும். அச்சிலிருந்து 15 மி.மீ.க்கு மேல் விலகிய அடி அது. அதே தலையை 50 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் பகுதிபோலக் குவித்துவிட்டால், அதே சாய்வில் அடி படும் புள்ளி நடுவிலிருந்து 4.4 மி.மீ. மட்டுமே விலகும். கோணல் அடியையும் ஏறத்தாழ நேர் அடியாக்கிவிடுகிறது இந்தச் சிறு குவிவு. விளிம்பு சிதறுவதும் இல்லை.

அடியின் வலிமையைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 700 கிராம் கொட்டாப்புளி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். உந்தம் 2.8 அலகு. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது நின்றால் சராசரி விசை 2800 நியூட்டன். ஏறத்தாழ 285 கிலோ எடை தலையில் ஏறி நின்றதற்குச் சமம். இரும்புச் சுத்தியலானால் தொடும் நேரம் இன்னும் குறைவு. விசை இன்னும் மிகும். மரத்தால் மரத்தை அடிப்பதன் காரணம் இதுவே. ஜப்பானியத் தச்சர் எஃகுச் சுத்தியலால் அடிக்கிறார்கள். ஆகவே அவர்கள் பிடியின் தலையில் எஃகு வளையம் ஒன்றை இறுக்கி, மர நுனியை அடித்து வளையத்தின்மேல் மலரச் செய்துகொள்கிறார்கள். மரம் பிளப்பதை வளையம் தடுக்கிறது. அங்கே பிடிக்கு ஓக் வகை மரம். ஒவ்வொரு நாட்டிலும் பிடியைப் பார்த்தால் எதனால் அடிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடலாம் போலும்.

பிளப்பு மேலிருந்து மட்டும் வருவதில்லை. உளியின் அடிப்பகுதி கூம்பி, பிடிக்குள் செருகப்பட்டிருக்கிறது. எங்கள் பட்டறையில் அதை வால் என்போம். ஒவ்வோர் அடியிலும் இந்த வால் ஆப்புப்போல் பிடிக்குள் ஏற முயல்கிறது. மரம் நார்த் திசையில் அழுத்தத்தை நன்கு தாங்கும். நார்களைப் பிரிக்கும் விசைக்கோ எளிதில் இடங்கொடுக்கும். இதற்குப் பரிகாரம் இரண்டு. வாலுக்குக் கீழே அகன்ற தோள் இருந்தால் பிடி அதன்மேல் அமர்ந்துவிடும். ஆப்பு மேலும் ஏறாது. இடையில் ஒரு தோல் துண்டு வைத்தால் விசை சீராகப் பரவும். தோள் சிறிதானால் பிடியின் அடியில் பூண் போட வேண்டும். பூண் வட்டமாகத்தான் எளிதில் கிடைக்கும். ஆகவே அடிப்பாகத்தை வட்டமாகக் கடைந்து பூணிட்டு, அதற்குமேல் நீள்வட்டமாக்கிக் கொள்ளலாம்.

அளவு எவ்வளவு என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் சிறு விவாதம் நடந்தது. பெருவிரலும் நடுவிரலும் சுற்றிவந்து ஒன்றின் நகத்தை ஒன்று தொட வேண்டும். அதுவே அவர் கணக்கு. கைக்கருவிகளைப் பற்றி இன்றைய நூல்கள் கூறும் 30 முதல் 40 மி.மீ. விட்டமும் இதனோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. மெல்லிய பிடியானால் விரல்கள் தம் உள்ளங்கையிலேயே புதையும். மிகப் பருத்தால் பிடிப்பு விரியும். நீளம், மூடிய கைக்கு மேலே இரண்டு விரற்கடை மிஞ்ச வேண்டும். இல்லையேல் கொட்டாப்புளி கையைப் பதம் பார்க்கும். அரை அங்குல உளிக்கு 140 மி.மீ. சரியாக அமைந்தது.

கால் அங்குல உளிக்குப் பிடியும் சிறிதாக வேண்டுமா? பழைய ஷெஃபீல்டு உளிகளில் அலகு சிறுத்தால் பிடியும் சிறுத்திருக்கிறது. சிறு பிடி, ‘மெதுவாக அடி’ என்று கையை எச்சரிக்கும் என்பது ஒரு வாதம். உளி மாறினாலும் கை மாறுவதில்லையே என்பது அப்பாவின் வாதம். எனக்குத் தோன்றுவது, பருமனை ஏறத்தாழ அப்படியே விட்டு நீளத்தை மட்டும் குறைக்கலாம் என்பதே. நீளம் குறைந்தால் நெம்பும் ஆற்றல் குறையும்; மெல்லிய அலகு ஒடியாமல் தப்பும். விரல்களுக்கும் துன்பமில்லை.

பிடி செய்த முறையையும் கூறிவிடுகிறேன். கருவேல மரத்தின் வைரம் பாய்ந்த பகுதியை எடுத்தோம். வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் உழைத்த மரம் அது. வாளால் அறுக்காமல் பிளந்து எடுக்க வேண்டும். பிளவு நாரோடு ஓடும். ஆகவே நார் பக்கவாட்டில் வெளியேறாத கட்டை கிடைக்கும். நன்கு காயாத மரம் பிறகு சுருங்கிப் பூண் கழன்றுவிடும். கடைசல் பட்டறையில் 36 மி.மீ. உருளையாகக் கடைந்து வாங்கி, இரு பக்கங்களிலும் மூன்றரை மி.மீ. இழைத்துத் தள்ளி, அரத்தால் முனைகளை உருட்டினோம். வாலுக்கான துளையை முதலில் பெரிய அலகாலும் பின் ஆழத்தில் சிறிய அலகாலும் போட்டோம். வாலைச் சிவக்கக் காய்ச்சிச் செருகுவோரும் உண்டு. வெப்பம் அலகுக்கு ஏறினால் எஃகின் பதம் கெடும் என்பதால் ஈரத்துணி சுற்றுவார்கள். கருகிய மரம் வாலை உறுதியாகக் கவ்வாது என்பதால் அம்முறையை நாங்கள் விட்டோம். வார்னிஷ் பூசவில்லை. அது வழுக்கும்.

பிளாஸ்டிக் பிடியைக் குறை சொல்வது என் கருத்தன்று. அது பிளப்பதில்லை, மழையில் நனைந்தாலும் ஊறுவதில்லை. அதையே நீள்வட்டமாக வார்த்தால் யார் வேண்டாமென்பார்? இன்று பெரிய பட்டறைகளில் துளையை மின் இயந்திரமே போட்டுவிடுகிறது. உளிக்கு மூலை திருத்தும் வேலைதான் மிச்சம். எனினும் சுவரில் ஏற்கெனவே பதித்துவிட்ட நிலையில் தாழ்ப்பாளுக்குத் துளை போடவும், பழைய கதவைப் பழுது பார்க்கவும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

புதிய பிடி போட்டதால் விரல் மரப்பு நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது முப்பதாண்டு உழைப்பில் வந்தது, மருத்துவரிடம் காட்டியிருக்கிறோம். ஆனால் முன்பெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்கு உளியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டிருப்பார். இப்போது ஐந்து மணி வரை உதறாமல் வேலை செய்கிறார். அவரோடு வேலை செய்யும் இருவர் தங்களுக்கும் அவ்வாறே செய்து தருமாறு கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கையளவைக் காகிதத்தில் வரைந்து வாங்கி வைத்திருக்கிறேன். கால் அங்குல உளிக்கான கட்டை எங்கள் வீட்டுப் பரணில் காய்ந்துகொண்டிருக்கிறது. தேர்வு முடிந்து ஊர் சென்றதும் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும். 120 மி.மீ. போதும் என்பது என் கணக்கு. அப்பா 130 கேட்கிறார்.